இல்லை என்பதும் தெரியாது என்பதும்

1

எங்கள் கிளினிக்கில் கம்ப்யூட்டர் வாங்குவது என்று போன வருஷம் முடிவானது. அதனால்தான் இந்த முறை ஊருக்குப் போனேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்த உறவுக்காரர்கள் "இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம?" என்று கேட்டபோது, லீவு கிடைத்தது என்று சொல்லி வைத்தேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன நகரம். செருப்புத் தொழிற்சாலைகளும் மழையும் மட்டுமே உள்ள ஊர். அங்கே மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக்கில் நான் அலுவலகப் பொறுப்பைப் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு பழுப்பு நிற உறை, அதற்குள் மடித்துச் செருகிய அட்டைகள். பிறந்ததிலிருந்து வந்த காய்ச்சல், போட்ட ஊசி, எடுத்த பல் எல்லாம் அதில் இருக்கும். ஆள் வேறு ஊருக்குக் குடிபோனால் உறையும் பின்னாலேயே போகும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நம் ஊரில் டாக்டரிடம் போனால் நாம் சொல்வதுதான் கணக்கு.

எனக்கும் ஓர் உறை உண்டு. கல்யாணமாகி இங்கே வந்த முதல் மாதம் இதே கிளினிக்கில் பெயர் பதிந்தபோது நர்ஸ் ஒருத்தி, "உங்களுக்கு அலர்ஜி ஒன்றும் இல்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நம் வழக்கப்படி "ஆமாம்" என்றேன். ஒன்றும் இல்லை, ஆமாம் என்று அர்த்தம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த மருந்து?" என்றாள். "இல்லை, இல்லை" என்றேன். "எந்த மருந்து என்று தெரியவில்லையா?" என்றாள். எனக்கு ஆங்கிலம் அத்தோடு தீர்ந்துபோய்த் தலையை ஆட்டிவிட்டேன். பல வருஷம் கழித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு என் உறையை எடுத்துப் பார்த்தேன். மேலே சிவப்பு மையில், அலர்ஜி உண்டு, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. பக்கத்து மேஜை ஜோன் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

2

கம்ப்யூட்டருக்குத் திட்டம் போடும் வேலையை டாக்டர் வெப் என்னிடம் கொடுத்தார். மூவரில் மூத்தவர். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. "எனக்கு அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, உனக்கும் தெரியாது, அதனால் நீ கவனமாக இருப்பாய்" என்றார்.

பெட்டியை எங்கே வைப்பது, யார் தட்டச்சுப் பழகுவது என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. கஷ்டமானது ஒன்றுதான். அலமாரி அலமாரியாக இருக்கும் உறைகளிலிருந்து எதை உள்ளே ஏற்றுவது, எதை விடுவது? எல்லாவற்றையும் ஏற்ற ஆள் இல்லை. இளைய டாக்டர், "இன்று முதல் வருவதை மட்டும் பதிவோம், பழையது அலமாரியிலேயே கிடக்கட்டும்" என்றார். ஜோனுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இருபது வருஷமாக அந்த அலமாரிகளைக் கட்டிக் காத்தவள் அவள்.

விற்கும் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞன் வந்து மாதிரித் திரையைக் காட்டினான். பெயர், வயது, முகவரி. அதற்குக் கீழே அலர்ஜி என்று ஒரு கட்டம். இருந்தால் மருந்தின் பெயரை அடிக்க வேண்டும்.

"ஒன்றும் அடிக்காமல் விட்டால்?" என்று கேட்டேன்.

"அலர்ஜி இல்லை என்று அர்த்தம்."

"யாரும் கேட்கவே இல்லை என்றால்?"

"அப்போதும் காலியாகத்தான் இருக்கும்."

"பார்க்கிற டாக்டருக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்?"

அவன் டாக்டர்களைப் பார்த்துச் சிரித்தான். இளைய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது சின்ன விஷயம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

அலுவலகக் கூட்டங்களில் நான் குரல் உயர்த்துகிறவள் இல்லை. அன்று என்னவோ எழுந்து நின்றுவிட்டேன். இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு, இரண்டுக்கும் தனித்தனி இடம் இல்லாமல் இந்தப் பெட்டி வேண்டாம் என்றேன். ஆங்கிலம் சரியாக வந்ததா என்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் டாக்டர் வெப் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "யாருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

3

நடந்தது என் அண்ணனுக்கு.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருந்தோம். அப்போது அது வெறும் நிலமும் கிணறுமாக இருந்த இடம். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அம்மாதான் நிலத்தைப் பார்த்தாள். அண்ணன் சேகர், டவுனில் செங்கம் ரோட்டில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். சுற்று வட்டாரத்துக் கிணற்று மோட்டார் எது எரிந்துபோனாலும் மாட்டு வண்டியில் அவன் கடைக்கு வரும். நான் கலைக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணி பெயர் வசந்தா, போளூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரித்த முதல் ஆள் அவர்தான். மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தினம் கடைக்குப் போவார். அம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் ஒன்றும் சொல்லமாட்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு ஜனம் சேர்ந்துகொண்டிருந்த நேரம். அண்ணன் காலில் தகரம் கிழித்து, கவனிக்காமல் விட்டுச் சீழ் வைத்துவிட்டது. அண்ணி சாப்பாடு கொண்டுபோனபோது அவன் கடைக்குள் சாக்கின்மேல் சுருண்டு படுத்துக் குளிரில் உதறிக்கொண்டிருந்தானாம். அண்ணி குதிரை வண்டி பிடித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அம்மா அப்போது நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லி அனுப்ப நேரமில்லை.

டாக்டர் நல்ல மனிதர். கேட்க வேண்டியதைக் கேட்டார். "இதுக்கு முன்னாடி ஊசி ஏதாவது ஒத்துக்காம போயிருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று அண்ணி சொன்னார்.

முதலில் துளி மருந்தைத் தோலில் லேசாகக் குத்திச் சோதித்தார்கள். தடிப்பு ஒன்றும் வரவில்லை. பிறகு பென்சிலின் போட்டார்கள். ஊசி எடுத்த கையோடு அண்ணனுக்கு மூச்சு அடைத்தது. டாக்டர் மாற்று ஊசி போட்டார், மார்பை அழுத்தினார், என்னென்னவோ செய்தார். அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் போய்விட்டான்.

அந்த வருஷம் மலைமேல் தீபம் ஏற்றியபோது எங்கள் வீட்டில் யாரும் வாசலுக்கு வரவில்லை.

காரியத்துக்கு வந்த டாக்டர், மனம் கேட்காமல், "நான் கேட்டேன், அவங்க இல்லன்னு சொன்னாங்க" என்றார். தன்மேல் பழி வரக்கூடாது என்று சொல்லவில்லை. வேதனையில் சொன்னார். ஆனால் பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"வாயத் தொறந்து இல்லன்னு சொன்னவ நீதானே?" என்று பந்தலில் அத்தனை பேர் நடுவிலும் அண்ணியைக் கேட்டார். "தெரியலன்னா மாமியாரைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லணும். ஒனக்கு எதுல அவசரம்?"

"அண்ணிக்கு எப்படிப் பெரியப்பா தெரியும்?" என்று நான் சண்டைக்குப் போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்விட்டாள். அம்மா சுவரோரம் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற வயிறு, பேச்சு எப்படி வரும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

புருஷனை ஊசி போட்டுக் கொன்றவள் என்று அண்ணிக்குப் பெயர் வந்துவிட்டது. காரியம் முடிந்த கையோடு அவர் அப்பா வந்து கூட்டிப் போனார். வண்டி ஏறும்போது அண்ணி என் தோளில் கை வைத்து, "நல்லாப் படி சாந்தி" என்றார். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளக் காத்து நின்றார். அம்மா வெளியே வரவில்லை.

4

டாக்டர் வெப் முழுவதையும் கேட்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உன் அண்ணனுக்கு அதற்கு முன்பே எப்போதோ அந்த மருந்தைக் கொடுத்திருப்பார்கள்" என்றார்.

"இல்லை. அவனுக்கு ஒரு நோயும் வந்ததில்லை."

"இப்படிப்பட்டது பெரும்பாலும் முதல் தடவையே வராது. உடம்பு அந்த மருந்தை முன்பே பார்த்திருக்கும். குழந்தையாக இருந்தபோது ஒருவேளை... உன் அம்மாவைக் கேட்டிருக்கிறாயா?"

கேட்டதில்லை. அம்மாவைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டே என் மகளிடம் இதைச் சொன்னேன். நித்யாவுக்கு வயது பதின்மூன்று. பள்ளியில் அவளை நியா என்று கூப்பிடுகிறார்கள். அவளும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாள். அவளுக்குத் தமிழில் மிச்சமிருப்பது சாப்பாட்டுப் பெயர்களும் "போதும்" என்ற ஒரு சொல்லும். அதனால் அண்ணன் செத்த கதையை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் சொல்லும்போது அது சின்னதாக ஆகிவிட்டது. சேகர், வசந்தா, வேங்கிக்கால் எல்லாம் அவளுக்கு யாரோ எங்கோ. காதில் மாட்டிய வாக்மேனை ஒரு பக்கம் மட்டும் விலக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவனோடு வளராத ஒரு பெண்ணை ஏன் எல்லாரும் திட்டினார்கள்? அவனை வளர்த்தது உன் அம்மாதானே?" என்றாள். பிறகு வாக்மேனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தோன்றாத கேள்வி அது. எனக்கும்தான்.

கிளினிக்கில் நான் கேட்டது நடந்தது. அலர்ஜிக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி கம்பெனிக்காரர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். உண்டு, இல்லை, தெரியாது, மூன்றில் ஒன்றை அடித்தே ஆக வேண்டும். உறையில் ஒன்றும் எழுதாத நோயாளிகளுக்கெல்லாம் முதலில் தெரியாது என்று போட்டு, அவர்கள் வரும்போது கேட்டு மாற்றுவது என்று திட்டம். வேலை இரட்டிப்பானது. ஜோன் முணுமுணுத்தாள். இளைய டாக்டர் என்னிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்ற ஒன்றே மனதில் ஓடியது.

5

பிரிட்டிஷ் பிரஜையான பிறகு சொந்த ஊருக்குப் போக விசா வாங்குகிற கொடுமையை இங்கே இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். லண்டனில் இந்தியத் தூதரக வரிசையில் அரை நாள் நின்றேன். வருகையின் நோக்கம் என்ன என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. உறவினரைப் பார்க்க என்று எழுதினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தமிழர்தான் போலிருக்கிறது. பிறந்த ஊரைப் படித்துவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்திலேயே, "அடுத்தவர்" என்றார்.

நித்யா வரவில்லை. பரீட்சை என்றாள். அவள் அப்பாவும் அவளை வற்புறுத்தவில்லை.

வேங்கிக்காலில் நிலத்தில் பாதி இப்போது வீட்டுமனையாகி எல்லைக்கல் நட்டுக் கிடக்கிறது. அம்மாவுக்குக் கண் பார்வை கம்மி. என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டே" என்றாள். எல்லா முறையும் அதையேதான் சொல்வாள். போன அன்றே கேட்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. மூன்றாம் நாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அண்ணனுக்குச் சின்ன வயசுல எப்பவாச்சும் ஊசி ஒத்துக்காம போச்சாம்மா?"

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

"வேலூர்ல" என்றாள். "நாலு வயசு இருக்கும். மாரு சளின்னு ஒங்க நைனாவும் நானும் தூக்கிக்கிட்டுப் போனோம். ஊசி போட்டதும் மூஞ்சியெல்லாம் வீங்கி, கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சு. எப்படியோ பொழைக்க வச்சுட்டாங்க. இந்த ஊசி இனிமே இவனுக்கு ஆவாதும்மா, எங்க போனாலும் சொல்லிடுன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சின்னப் புள்ளகிட்ட இன்னா சொல்றது? அப்புறம் அவனுக்கு ஒரு தலவலிகூட வரல. எனக்கே மறந்துபோன மாதிரி ஆயிடுச்சு."

"அண்ணிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"கல்யாணம் ஆன புதுசுல சொன்னா, பையனுக்கு ஏதோ சீக்கு இருக்குது, மறைச்சுட்டாங்கன்னு அவங்க வூட்ல நெனைப்பாங்களேன்னு இருந்துட்டேன். ஒரு கொழந்த பொறக்கட்டும், சொல்லிக்கலாம்னு."

"பந்தல்ல பெரியப்பா கேட்டாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அம்மா முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"வாய் வரல சாந்தி. நான் சொன்னா, நாந்தான் எம்புள்ளயக் கொன்னுட்டேன்னு ஆயிடும். அவ சின்னப் பொண்ணு, அவங்க அப்பன் இருக்கான், எப்படியோ பொழைச்சுக்குவா. எனக்கு அவன் ஒருத்தன்தானே ஆம்பளப் புள்ள. அதையும் சொல்லிட்டு நான் எப்படி இந்த வூட்ல உக்காருவேன்?"

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் ஒவ்வொரு தீபத்துக்கும் வாசலுக்கு வராமல் இந்தக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்த ஆளை என்ன சொல்வது?

"வா, அண்ணிகிட்டப் போய்ச் சொல்லிட்டு வரலாம்" என்றேன்.

"நான் வரமாட்டேன்" என்றாள்.

6

அண்ணி போளூரில் இல்லை. அவர் அப்பா காலமான பிறகு ரமணாசிரமப் பக்கம் வந்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு வாடகை வீட்டை மேற்பார்த்து வருகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து ஊரின் அந்தக் கோடி. பல வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறார். எங்கள் சொந்தபந்தத்தில் அது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

முற்றத்தில் கயிறு கட்டி வெள்ளைப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் தண்ணீர் விஷயமாக ஏதோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"சாந்திதானே?"

"ஆமா அண்ணி."

"அண்ணின்னு கூப்புட ஒருத்தர் இருக்காங்கறதே மறந்துபோச்சு" என்று சொல்லி, உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டார். காப்பி கலந்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். வேலூர், நாலு வயது, முகம் வீங்கியது, எதையும் குறைக்கவில்லை. அண்ணி அசையாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி. யாரும் அண்ணன்கிட்ட சொல்லல."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டர் கேட்டாரு, நான் இல்லன்னு சொன்னேன். அப்ப அவரு என் கையைப் புடிச்சாரு. அந்தக் காய்ச்சல்ல பேச்சு வரல. ஏதோ சொல்லணும்னு பார்த்தாரு. 'இருக்குது, போட வேணாம்'னு சொல்ல வந்தாரோ, நாந்தான் புரிஞ்சுக்காம வுட்டுட்டேனோன்னு இத்தினி வருஷமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கறேன் சாந்தி."

"இல்ல அண்ணி. அண்ணனுக்கே தெரியாது. அது இல்ல."

"அப்ப வேற இன்னா சொல்ல வந்தாரு?"

தண்ணி கேட்டிருப்பான் என்று சொல்லலாம். வலிக்கிறது என்று சொல்ல வந்திருப்பான் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் பொய். அண்ணியும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தை வரலியா?" என்றார்.

"வரமாட்டேன்னுட்டாங்க."

"சரி" என்றார். என் மகளைப் பற்றிக் கேட்டார். தமிழ் பேசுகிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

7

நான் கிளம்புவதற்கு முன்தினம் காலையில் அம்மா குளித்து, பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"போலாம்" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்தோம். வழி முழுதும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தாள். கோயில் கோபுரம் தாண்டும்போது வழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அன்று அதையும் செய்யவில்லை.

அண்ணி முற்றத்தில் இரண்டு வேலைக்காரப் பெண்களோடு போர்வை மடித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள வாங்க அத்தை" என்றார்.

"வேணாம்மா. இங்கியே சொல்லிடறேன். எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் அம்மா.

அந்தப் பெண்கள் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்கள் யாரோ, நாங்கள் யாரோ. பந்தலில் இருந்தவர்களில் பெரியப்பா இல்லை, பெரியம்மா இல்லை, அந்த டாக்டரும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்தாலும் அம்மா நான்கு பேர் நடுவில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு நின்றாள். பார்வை தெரியாததால் அண்ணி நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காய்கிற துணியைப் பார்த்துப் பேசினாள்.

"எம்புள்ளைக்கு அந்த ஊசி ஆவாதுன்னு எனக்குத் தெரியும். நான் இவளுக்குச் சொல்லல. இவ இல்லன்னு சொன்னதுல தப்பு ஒண்ணும் கெடையாது. தப்பு என்னுது."

அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளுக்கு எத்தனை வருஷம் ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கிட்டே வந்து அம்மாவின் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. பிறகு ஒரு பெண்ணிடம், "தண்ணி கொண்டாந்து குடு" என்றார். அம்மா இரண்டு மடக்குக் குடித்தாள்.

"வெயில் ஜாஸ்தியா ஆவறதுக்கு முன்னாடி வூட்டுக்குப் போங்க அத்தை" என்றார் அண்ணி. வெளியே வந்து, காத்திருந்த ஆட்டோக்காரரிடம், "பெரியவங்க இருக்காங்க, பார்த்து மெதுவாப் போங்க" என்று சொன்னார். என்னிடம் தலையசைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஆசிரமத்தைத் தாண்டி ரோடு திரும்பியது. அம்மா என் முழங்கையைத் தொட்டாள்.

"அவ ஒண்ணுமே சொல்லலியே சாந்தி."

"இல்லம்மா."

"ரெண்டு வார்த்த திட்டியிருந்தாத் தேவல" என்றாள் அம்மா. ஆட்டோ சத்தத்தில் அதற்குமேல் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.